செவ்வாய்க்கிழமை வெள்ளி

முதல் குடுவை தோற்றது.
கண்ணாடியில் எண்ணெய்ப் பசை என்றார் சேர்.
யார் கழுவினது என்று கேட்கவில்லை.
நான்தான்.
பகல் தின்ற தேங்காய்ச் சம்பல் விரலோடு.

அடியில் சாம்பல் நிறச் சேறு,
மழை விட்டதும் பங்களா ரோட்டில் தேங்குமே, அது.
பின் வாங்கிலிருந்து ரொஷாந்தன்
"வெள்ளி வந்திருச்சு சேர், அள்ளிக்கவா" என்றான்.
சேரும் சிரித்தார்.
அவருக்கும் இது முதல் தடவை,
மடித்த தாளை விரித்து விரித்துப் பார்த்துத்தான் செய்தார்.

இருந்ததே ஐந்து கிராம் வெள்ளி நைத்திரேற்று.
கபிலப் போத்தலைப் பேப்பரில் சுற்றி
அட்டனிலிருந்து பொகவந்தலாவை வரை
பஸ்ஸில் மடியிலேயே வைத்து வந்தாராம்.
பாதி சேறாகிவிட்டது.

இரண்டாவது குடுவையை
நகக்கண் வெளுக்கும்வரை தேய்த்தேன்.
கரைசலை ஊற்றும்போது
இரண்டு மூன்று சொட்டு விரலில் விழுந்தது.
தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. உதறிவிட்டேன்.

காரம் ஒரு துளி. கலங்கிக் கபிலமானது.
அமோனியா துளித்துளியாக. கலங்கல் தெளிந்தது,
பதினொரு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.
குளுக்கோசு, பெட்டிக்கடையில்
காய்ச்சல்காரருக்கு வாங்கும் அதே பக்கட்.
ஸ்டாஃப் ரூம் கேத்தல் வெந்நீரில்
குடுவையை உருட்டு, நிறுத்தாதே என்றார்.
உருட்டினேன்.
யன்னலில் பனி ஏறி
எதிர்மலையும் அதன் தேயிலையும் இல்லாமல் போயின.

மஞ்சள்.
பிளேன்டீ.
கறுப்பு.
இதுவும் போச்சு என்று கை தளர்ந்த நேரம்
கறுப்பு தன்னைத் திருப்பிப் போட்டுக்கொண்டது.

கழுத்திலிருந்து அடிவரை
ஒரே உருண்டையில் வகுப்பு முழுக்க:
வளைந்த வாங்குகள், கூரைத் தகரம்,
நெருக்கியடித்த பதினொரு தலை,
நடுவே என் மூக்கு, வெட்கமில்லாமல் பெரிதாக.
எங்கள் காம்பராவில் மாட்டியிருப்பது
பவுடர் டப்பாவிலிருந்து கழற்றிய வட்டம்.
கண் தெரிந்தால் வாய் தெரியாது.
எல்லாம் சேர்ந்து தெரிந்தபோது
கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மிச்சக் கரைசலை சேர் அப்போதே கொட்டினார்.
ராத்திரி வைத்திருந்தால்
தொட்டாலே வெடிக்குமாம்.

பீலியடியில் முகம் கழுவக் குனிந்தபோதுதான் கவனித்தேன்.
ஆள்காட்டி விரலும் பெருவிரலும்
நுனியில் கறுத்திருந்தன.
சோப்புக்குப் போகவில்லை. மணலுக்கும் போகவில்லை.
மலையிலிருந்து இறங்கி வந்த அம்மா
கூடையை வைத்தாள், என் கையைப் பிடித்தாள்.
அவள் விரல், என் விரல்,
அதே இடம், அதே கறுப்பு.

"செக்ரோல்ல பேர் குடுத்திட்டியா?"

சத்தம் போடவில்லை.
அக்கா குடுத்தபோது போட்ட சத்தம்
அடுத்த லயம்வரை கேட்டது.

"இல்லம்மா. வெள்ளி."
"இன்னைக்கு செவ்வா."
"அந்த வெள்ளி இல்ல, கொலுசு வெள்ளி."
"வெள்ளி எங்கயாச்சும் கறுக்குமா?"

கண்ணாடியில் பட்டால் ஆடி, தோலில் பட்டு
வெயில் கண்டால் இப்படி,
இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் என் விரல்களை
மூக்கருகே கொண்டுபோனாள்.
ஒரு தரம். இன்னொரு தரம்.
கொழுந்து வாசம் இல்லை.
கையை விட்டாள்.
தண்ணீர் பிடிக்கப் போனாள்.

வியாழக்கிழமை அமிலம் ஊற்றி
ஆடியைக் கரைத்தார் சேர்.
பன்னிரண்டாம் வகுப்புக்குக் குடுவை வேண்டுமாம்,
உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான்.
கபிலப் புகை யன்னலால் போனது.
செய்முறைக் கொப்பியில் அவதானிப்பு என்ற இடத்தில்
வெள்ளி ஆடி தோன்றியது என்று எழுதினேன்.
சரி போட்டு, திகதி போட்டார்.

விரல் கறுப்பு அதற்குப் பிறகும் இருந்தது.
நான் எண்ணவில்லை.
ஒரு ராத்திரி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள்
என் கையை இழுத்து
அடுப்பு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து
"ஒம்பது நாள்" என்றாள்.
ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது.